ஒன்றேகால் மணி நேரப் பயணம்

சென்னைக்கும் பலாலிக்கும் வான்வழித் தொலைவு எவ்வளவு? ஏறத்தாழ 355 கிலோமீட்டர். பழைய கணக்கில் 220 மைல். பறக்க எவ்வளவு நேரம்? சுழல்விசிறி விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் என்பார் கணக்கர். நாம் சொல்கிறோம், ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று!

கேளுங்கள் கதையை. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, யாழ் மண்ணில் இறங்கியே சென்னை வந்தது. பின்னர் போர் மூண்டது, ஓடுபாதை படைமுகாமாயிற்று, 1990இல் சுற்றுப்புற ஊரார் ஏதிலிகளாயினர். சென்னைக்கு வர விரும்பிய யாழ்ப்பாணத்தான், தெற்கே 400 கிலோமீட்டர் உருண்டு கொழும்பு போய், அங்கிருந்து 645 கிலோமீட்டர் வடக்கே பறந்தான். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டான்!

2019 நவம்பரில் வழி திறந்தது. 2020இல் கொரோனா மூடியது. கொழும்பு விமானம் மீண்டும் பறந்த பிறகும், 2022 டிசம்பர் வரை பலாலி காத்துக் கிடந்தது. ஏன்? பதில் சொல்வார் யார்? 2025இல் திருச்சியும் இணைந்தது. அது 185 கிலோமீட்டர்தான், சென்னையிலிருந்து திருச்சி செல்வதைவிடக் குறைவு!

பெரிய விமானம் இறங்க ஓடுபாதை நீளவேண்டும் என்கிறார்கள். நீளட்டும், நாமும் அதையே கேட்கிறோம். ஆனால், அளவுநூலை எங்கே பிடிக்கப் போகிறார்கள்? முகாமின் வேலிக்குள்ளா, அல்லது முப்பதாண்டு அகதியாய் அலைந்து திரும்பிய உழவனின் செம்மண் தோட்டத்திலா?