கரையும் குரையும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அக்காவின் மகள் சென்ற வாரம் பயிற்சிக் கொப்பியோடு வந்தாள். “மாமா, இந்தப் பாட்டில என்ன அணி வருது?” சத்தமாக வாசிக்கச் சொன்னேன். “வாசிச்சா நேரம் போயிடும், பேர மட்டும் சொல்லுங்க” என்றாள்.

அவளில் பிழையில்லை. உவமை, உருவகம், எதுகை, மோனை என்று பெயர் எழுதினால் புள்ளி விழும். அந்த எதுகை அங்கே என்ன வேலை செய்கிறது என்று அவளை யாரும் கேட்டதில்லை. திருகோணமலையில் வளரும் பிள்ளைக்கு இப்படி ஆவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோணமலைப் பதிகத்தையே எடுங்கள். முதற்பாடலின் நான்கு அடிகளிலும் எதுகை விழும் சொற்கள்: நிரை, வரை, கரை, குரை. முதலாவதில் காலில் நிரைத்த கழல், அடுத்ததில் உமை பிறந்த மலை, பிறகு கரை, கடைசியில் ஒலிக்கும் கடல். திருகோணமலைக் கோயிலடியில் நின்று சுவாமி மலையின் செங்குத்துச் சரிவை எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை உடனே புரியும். இறைவன் காலில் எழுந்த ஓசை மலையிறங்கிக் கரை தாண்டிக் கடலில் போய் விழுகிறது. இராமேசுவரத்தில் இருந்தபடியே அவர் இதைப் பாடினார் என்பது பெரியபுராணம். காணாத மலையைக் காதால் கட்டியிருக்கிறார்!

அதே பாடலில் கடல் முத்தைக் கொழிக்கிறது. சுளகில் அரிசி கொழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னும் பின்னும் அசைக்க அசைக்கக் கல் வேறு, மணி வேறாகப் பிரியும். அலை கரைக்கு வந்து மீள்வதும் அதே அசைவுதான். வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியர் வகுத்த நான்கு உவமை வகைகளில் இது வினையால் வந்த ஒப்பு. ஆனால் ‘போல’ என்ற சொல் இல்லாததால் கோடிட்டுக் காட்ட ஒன்றும் அகப்படாது. வினைச்சொல்லுக்குள்ளேயே சுளகு இருக்கிறது. ஓசைக்கும் தொல்காப்பியர் 20 வண்ணங்கள் சொன்னார். வல்லிசை, மெல்லிசை, உருட்டு என்ற பெயர்களே காதோடு பேசும்.

கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டைக் கேட்டால் இன்னும் தெளிவாகும். ‘ஏலேலோ’வுக்கு என்ன பொருள் சொல்ல முடியும்? ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று ஏற்கும்போதுதான் எல்லாருடைய பலமும் கயிற்றில் ஒன்றாக விழும். நெடில் நீளும் வரை இழுவையும் நீளும். பிறகு பல கரைகளில் உழவு இயந்திரம் வலையை இழுக்கத் தொடங்கியது. அம்பாவுக்கு வேலை குறைந்துவிட்டது. அதைப் பாடத் தெரிந்த முதியவர்களை நிலாவெளி, குச்சவெளிப் பாடசாலைகள் ஒருநாள் தமிழ்ப் பாடவேளைக்கு அழைக்க வேண்டும். நெடில் என்றால் என்னவென்று பிள்ளைகள் தோளால் அறிந்துகொள்வார்கள்.

யாப்பை விட்ட புதுக்கவிதைக்கு இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு திருகோணமலையிலேயே பதில் பிறந்திருக்கிறது. தருமு சிவராம் என்ற பிரமிள், 1939இல் இங்கே பிறந்து, சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் எழுதி, தமிழகத்தில் வாழ்ந்து 1997இல் மறைந்தவர். படிமக் கவிஞர் என்று சொல்லிச் சொல்லியே அவருடைய செவியை மறந்துவிட்டோம். ‘கைப்பிடியளவு கடல்’ என்ற அவரது தொகுப்பின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘கை’யும் ‘க’வும் மோனை. அடங்காத கடலைக் கைக்குள் அடக்கி வைப்பது அந்த மோனைதான். ‘ஒரு பிடி சமுத்திரம்’ என்று மாற்றிப் பாருங்கள். பொருள் அப்படியே இருக்கும், கடல் விரலிடுக்கால் வழிந்துவிடும்.

‘அணி யாது?’ என்ற வினாவுக்குப் பக்கத்தில், ‘உரக்க வாசித்தபோது எந்த ஓசை திரும்பத் திரும்பக் கேட்டது? அதனால் பொருளுக்கு என்ன ஆனது?’ என்றும் கேளுங்கள். அதற்கும் புள்ளி கொடுங்கள்.

அன்றிரவு நிரை, வரை, கரை, குரை என்று சொல்லி மேசையில் விரலால் தட்டச் சொன்னேன். நாலாவது தட்டு தானாகவே பலமாக விழுந்தது. அவள் நிறுத்திவிட்டு இன்னொரு முறை தட்டினாள். “இதுக்கு என்ன பேர் மாமா?” என்றாள். அப்போது சொன்னேன்.