முகப்பு விளக்கும் கமெராவின் சாட்சியமும்

பெல்மதுளையில் ஏ-4 வீதியிலிருந்து பிரிந்து எம்பிலிப்பிட்டி நோக்கிச் செல்லும் ஏ-18 வீதியில் இருக்கிறது கஹவத்தை. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். இறப்பர் பால் நன்றாக வடிவது குளிர்ந்த அதிகாலையில்தான் என்பதால் பால் வெட்டுபவர்கள் இருட்டோடு வீதியோரமாக நடந்து வேலைக்குப் போக வேண்டும். எதிரே வரும் வாகனங்களின் விளக்கு கண்ணைப் பறிக்கிறது என்பது அவர்களுடைய முறைப்பாடு. "நீல லைட்" என்றே அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

இந்த நீல லைட்டின் பேரில் தவறான ஓர் ஆள் அகப்பட்டுக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர், பழைய வேன் ஒன்றை வைத்து வாடகைக்கு ஓட்டுபவர். இரவில் யாரோ அவருடைய வேனைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, சட்டவிரோத நீல விளக்கு என்று எழுதிப் பரப்பிவிட்டார்கள். விசாரணைக்கு அழைத்தார்கள். வேனில் இருந்ததோ சாதாரண ஹலோஜன் பல்பு. அதைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். இரண்டு நாள் ஓட்டம் போயிற்று. சிங்களம் அவருக்குத் தாய்மொழி போலச் சரளம். ஆனால் அங்கே பேச வேண்டியிருந்தது நிறவெப்பநிலையைப் பற்றி. அந்த மொழி அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். விளக்கு நீலமாகத்தான் இருந்தது. ஆனால் வேனுக்குப் பின்னால் தெருவிளக்கு ஒன்றும் இருந்தது. செம்மஞ்சளாக எரியும் பழைய சோடியம் விளக்கு. படத்திலோ அது வெளிறிப்போய் ஏறத்தாழ வெள்ளையாகத் தெரிந்தது. உண்மை அதிலேயே இருந்தது; யாரும் அந்த மூலையைப் பார்க்கவில்லை.

எந்த ஒளியையும் கமெரா தானாக வெள்ளை என்று கொள்வதில்லை. காட்சியில் மேலோங்கி நிற்கும் ஒளியை நடுநிலையாக்க முயல்கிறது. வைட் பேலன்ஸ், அதாவது வெண்சமநிலை, என்பது இதுதான். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். எண் குறைந்தால் செம்மை, கூடினால் நீலம். மெழுகுவர்த்தி சுமார் 1900, சோடியம் தெருவிளக்கு 2000-ஐ ஒட்டி, ஹலோஜன் முகப்பு விளக்கு 3200 அளவில், செனான் 4300, நண்பகல் வெயில் 5500, இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 5500-க்கும் 6500-க்கும் இடையில். 2000-ஐ வெள்ளையாக்கக் கமெரா முழுப் படத்தையும் நீலத்தின் பக்கம் தள்ளும்போது 3200-ம் சேர்ந்தே நகர்கிறது. மஞ்சள் பல்பு நீலமாகிவிடுகிறது. வேன்காரர் செய்த குற்றம், சோடியம் விளக்கின் அருகே வண்டியை ஓட்டியதுதான்.

மறுபக்கமும் உண்டு, அது இன்னும் மோசமானது. நிஜமாகவே கண்ணைக் குத்தும் விளக்கை அந்தத் தொழிலாளர்கள் படம் எடுத்துக் கொண்டுபோனால் அதில் ஒரு வெள்ளைக் குமிழ் மட்டும் இருக்கும். இருட்டைக் கண்டு கமெரா ஒளியை அதிகமாக உள்ளே விடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கணக்கும் 255 என்ற உச்சத்தில் போய் முட்டி நிற்கின்றன. மூன்றும் உச்சம் என்றால் வெள்ளை. அங்கே இருந்தது மஞ்சளா நீலமா என்ற செய்தி அழிந்துபோகிறது. பிறகு கணினியில் எத்தனை திருத்தம் செய்தாலும் திரும்பி வராது. ஹலோஜனும் எல்.இ.டி.யும் படத்தில் ஒன்றாகிவிடுகின்றன. "எல்லா வண்டியும் இப்படித்தானே இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவது எவருக்கும் எளிது.

ஃபிலிம் காலத்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. பகல் ஃபிலிம் 5500 கெல்வினுக்கு, உள்ளரங்க டங்ஸ்டன் ஃபிலிம் 3200-க்கு என்று தயாரிப்பிலேயே முடிவு செய்யப்பட்டிருந்தது. பகல் ஃபிலிமில் இரவு எடுத்தால் வண்டி விளக்கு மஞ்சளாகத்தான் விழும். அது பிடிவாதம், ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே பிடிவாதம். இன்றைய கமெரா ஒவ்வொரு படத்திற்கும் மனத்தை மாற்றிக்கொள்கிறது. இரவுப் பயன்முறை என்று ஒன்று வந்திருக்கிறது. அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்கித் தருகிறது. அழகுக்கு அது சரி. சாட்சியத்திற்கு ஆகாது.

மலைப்பாதைக்கே உரிய இன்னொரு வேடிக்கையும் உண்டு. வில்லை வைத்த புரொஜெக்டர் விளக்குகளில் ஒளி ஓர் எல்லைக்கோட்டோடு வெட்டுண்டு விழும். வில்லையில் ஒளி நிறம் பிரிவதால் அந்தக் கோட்டின் விளிம்பில் நீலமோ ஊதாவோ படரும். சமவெளியில் அந்த விளிம்பு பெரும்பாலும் கண்ணுக்குக் கீழே இருக்கும். மேடும் பள்ளமுமான பாதையில் வண்டி குலுங்கும்போது விளிம்பு நம் கண்மட்டத்தைக் கடந்து போகிறது. அந்த நொடியில் விளக்கு நீலமாக மின்னுகிறது. அதே நொடியில் பொத்தானை அழுத்தினால் சட்டப்படியான வெள்ளை விளக்கும் நீல விளக்காகிவிடும்.

இரத்தினபுரி மாவட்டத்தில் இதைப் போய் விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு வியப்பு. எந்த ஒளியில் பார்க்கிறோம் என்று தெரியாமல் கல்லுக்கு விலை பேசக் கூடாது என்பது மாணிக்க வியாபாரத்தின் பாலபாடம். அலெக்சாண்ட்ரைட் பகலொளியில் பச்சை, இழைபல்பின் ஒளியில் சிவப்பு. நீலச்சாய்வுள்ள டார்ச்சை அடித்து நீலக்கல்லை மேலும் நீலமாகக் காட்டும் தந்திரத்தை அறியாத தரகர் இருக்க மாட்டார். கல் வாங்கும்போது இவ்வளவு கவனம். ஓர் ஏழையின் வண்டியைக் குற்றம் சொல்லும்போது கைத்தொலைபேசியின் தானியங்கிப் படம் போதுமாம்!

2025-இன் தொடக்கத்தில் வாகனங்களில் பொருத்தியிருந்த அனுமதியற்ற மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் நாடளாவிய அளவில் மேற்கொண்டார்கள். வேண்டிய வேலைதான். கூசும் ஒளியால் வீதியோரத்தில் நடப்பவருக்கு உயிர் ஆபத்து. ஆனால் நேரில் வண்டியைச் சோதிப்பது வேறு, எவரோ எடுத்த படத்தின் நிறத்தை நம்புவது வேறு. என் கருத்து இதுதான்: தானியங்கி அமைப்பில் எடுத்த இரவுப் படத்தை, விளக்கின் நிறத்திற்கான சான்றாகப் பத்திரிகையும் ஏற்கக்கூடாது, பொலிஸும் ஏற்கக்கூடாது. வண்டி அங்கே இருந்தது என்பதற்கு அது சான்று, அவ்வளவே.

சரியாக எடுக்க முடியாதா? முடியும், பெரிய கருவியும் வேண்டாம். கைத்தொலைபேசியில் 'புரோ' என்ற பயன்முறை இருந்தால் வெண்சமநிலையை ஓர் எண்ணில் பூட்டிவிடலாம். 5000 என்று வைத்தால் எல்லா வண்டிக்கும் அதே 5000. ஒளியளவை நன்றாகக் குறைக்க வேண்டும். சுற்றுப்புறம் கறுத்துப்போனாலும் கவலையில்லை, விளக்கின் உள்வடிவம் தெரிகிற அளவுக்குக் குறைக்க வேண்டும். ரோ கோப்பாகச் சேமிக்க முடிந்தால் நல்லது. சில எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிபவை. ஒரே படத்தோடு நிறுத்தாமல் ஐந்தாறு எடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வழி, விளக்கைப் படம் எடுக்காமல் இருப்பது. நின்றிருக்கும் வண்டிக்கு முன்னால் சில அடி தூரத்தில், பளபளப்பில்லாத வெள்ளைத் தாளைப் பிடித்து, அதில் விழும் ஒளியை எடுப்பது. தாளில் ஒளி உச்சத்தில் முட்டாது. நிறம் தப்பிப் பிழைக்கும். பக்கத்தில் ஹலோஜன் என்று உறுதியாகத் தெரிந்த வண்டியொன்றின் ஒளியை அதே தாளில், அதே எண்ணில் எடுத்து வைத்துக்கொண்டால் வாதத்திற்கே இடமில்லை. நம் கண்ணும் ஒளிக்குப் பழகி மாறுவதுதான். ஹலோஜன் வெளிச்சத்தில் அரைமணி ஓட்டினால் அது நமக்கு வெள்ளை, எதிரே எல்.இ.டி. வந்த பிறகுதான் நம்முடையது மஞ்சள் என்று தெரிகிறது. ஆகவே தனியான ஒரு படத்தில் "உண்மை நிறம்" என்று தேடுவதைவிட, இரண்டை அருகருகே வைப்பதே நேர்மையான வழி.

நிறத்திலேயே மயங்கிவிடவும் வேண்டாம். பால் வெட்டப் போகிறவரின் கண்ணைப் பறிப்பதில் நிறத்துக்குப் பங்குண்டு. நீலச்சாய்வு கூடக் கூசுவதும் கூடும். ஆனால் பெரும்பங்கு, விளக்கு எவ்வளவு உயரத்தில் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு. ஹலோஜனுக்காக வடிவமைத்த கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி கண்டபடி சிதறும். அதைப் பார்க்க நிறம் தேவையில்லை. வண்டியைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, சுவரில் ஒளி எந்த உயரத்தில் வெட்டுண்டு நிற்கிறது, அல்லது வெட்டே இல்லாமல் மேலே பரவுகிறதா என்று எடுத்தால் போதும். அந்தப் படத்தில் கமெரா பொய் சொல்ல அதிக வாய்ப்பில்லை. அதற்கு வேண்டியதெல்லாம் ஒரு சுவரும் ஐந்து நிமிடமும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் வேன்காரர் அன்றைக்கே வீடு திரும்பியிருப்பார். பால் வெட்டுபவர்களின் முறைப்பாட்டுக்குக் காரணமான வண்டியையும் யாராவது தேடிப்போயிருப்பார்கள்.