சுவிட்சைப் போடுமுன் ஒரு கேள்வி

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதலே க்யூஆர் கோடு இருக்கிறது. பி.எட். மாணவர்களின் பாடக்குறிப்பேட்டிலோ பெரும்பாலும் சார்ட்டும் தெர்மாகோல் மாதிரியும்தான். இது மாற வேண்டும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ சிமுலேஷன்களை எடுத்துக்கொள்வோம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் அது. இலவசம், பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். மின்சுற்றுப் பாடம் நடத்தும் பயிற்சி ஆசிரியை, திரையில் எரிகிற பல்பை அணைத்து, அதோடு இன்னொன்றைத் தொடரிணைப்பில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுவிட்சைப் போடுமுன், “வெளிச்சம் கூடுமா, குறையுமா?” என்று கேட்டால் போதும், வகுப்பே இரண்டு கட்சியாகிவிடும். கேட்காமலே போட்டுக் காட்டினால் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளி அனுபவத்துக்கென்றே இருக்கின்றன. சிமுலேஷனை எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது என்பதை வழிகாட்டி ஆசிரியர் உடனிருந்து திருத்த அதுவே தக்க காலம். கரண்ட் போகும் நாளுக்கென்று நிஜ பேட்டரியும் பல்பும் பையில் இருக்கட்டும்.