சாடியில் கற்கும் பாடம்

நஞ்சற்ற மரக்கறியை உண்ண விரும்பாதார் எவருமிலர். ஆயினும் விருப்பம் வேறு, விளைச்சல் வேறு. இதனை உணராத அன்றைய அரசாங்கம், 2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தலொன்றினால் இரசாயனப் பசளை, பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. நெல்லும் தேயிலையும் வீழ்ச்சியுற்றன. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை கைவிடப்பட்டது. கட்டளையிட்டவர் தப்பினர், நட்டத்தைச் சுமந்தவன் கமக்காரன். 2022 ஜூனில், அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்க அமைச்சரவை தீர்மானித்தது. பஞ்சம் வாசலில் நின்றபோது பிறந்த ஞானம் அது!

கட்டளை தோற்றதனால் கொள்கையும் பிழையாகிவிடுமா? ஆகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நீரே நமக்கு உயிர். தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இடும் பசளையும், மலக்குழிகளின் கழிவும் அக்கல்லின் வெடிப்புகளூடே கிணற்றைச் சேர்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டுக் கிணறுகள் பல அவ்வெல்லையைத் தாண்டியமை ஆய்வுகளிற் கண்ட உண்மை. அந்நீரால் முதலில் ஆபத்துறுவது புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தை.

ஆகவே மாற்றம் வேண்டும். அதனை எங்கே தொடங்குவது? கமக்காரனுக்குப் புத்தி சொல்லப் புறப்படும் வழக்கறிஞரும் வைத்தியரும் ஆசிரியரும் முதலில் தத்தம் வீட்டு முற்றத்திலே தொடங்கட்டும் என்கிறோம். நிலமில்லை, நேரமில்லை என்பது சாட்டு. பழைய வாளிகள் பத்து எடுத்து அடியில் துளையிடுங்கள். மேல்மண், நன்கு உக்கிய மாட்டெரு, தென்னந்தும்புத் தூள் மூன்றையும் சமபங்காகக் கலந்து நிரப்புங்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் வையுங்கள். முதலில் கீரை, அதன்பின் மிளகாய், கத்தரி. சாடியின் மண் விரைவிற் காய்ந்துவிடும். ஆதலின் சருகுகளால் மூடுங்கள். காலையில் கால் மணி நேரம் போதும். கடுங்கோடையில் மாலையிலும் நீர் வேண்டும். பூச்சி கண்டால் வேப்பம்விதையை இடித்து ஊறவைத்த நீரைத் தெளியுங்கள்.

இரண்டு மாதத்தில் ஓர் உண்மை விளங்கும். ஊற்றும் நீரோடு சத்தும் கசிந்து போகும். எருவோ தன் சத்தை மெல்லவே விடும். இலை வெளிறும், மீண்டும் மீண்டும் எரு இடவேண்டும். பத்துச் சாடிக்கே இவ்வளவு எருவென்றால், பத்துப் பரப்புக்கு எவ்வளவு? 50 கிலோ யூரியா மூட்டையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. கூட்டெருவிலோ அது பொதுவாக நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. அம்மூட்டை ஒன்றுக்கு ஈடாக ஒரு தொன்னுக்கு மேற்பட்ட கூட்டெரு வேண்டும். அதை ஆக்குவது யார்? ஏற்றிச் செல்வது யார்? கூலி கொடுப்பது யார்? இக்கேள்விகளைக் கேளாமலே வர்த்தமானி அச்சாயிற்று.

சட்டத்தால் ஒன்றைத் தடுக்கலாம். மண்ணை வளமாக்க இயலாது. பூவரசங் குழையைத் தாழ்த்தியும், ஆட்டுப்பட்டி அடைத்தும் மண்ணைப் பேணிய அறிவு நம் கமக்காரரிடம் உண்டு. அவர்களைக் கலந்துபேசி, மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்து, எருவை முதலில் ஆக்கி, விளைச்சல் குறையும் ஆண்டுகளுக்கு ஈடு கொடுத்து, படிப்படியாகச் செல்வதே நேர்வழி. அதனைக் கோருவது கமக்காரரின் உரிமை. அக்கோரிக்கைக்குத் துணைநிற்பது படித்தவர் கடமை.

பத்துச் சாடிகள் நாட்டின் பசியைத் தீர்க்கமாட்டா. ஆனால், உழுபவனின் சுமை இன்னதென்று உழாதவனுக்கு உணர்த்தும். இந்த வாரமே முதற் சாடியை நிரப்புங்கள்!