டிரெய்லருக்கு இடப்பக்கம் கேப் இருக்கா? நுழையாதீங்க!

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தினமும் ஸ்கூட்டரில் போறவரா நீங்க? துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது, லாரிக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். 'சீக்கிரம் போயிடலாம்'னு ஆசை காட்டும். ஆபத்தே அங்கேதான்.

டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரங்கள் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, இடப்பக்கம் ஒட்டி நிற்கும் ஸ்கூட்டர் பெரும்பாலும் தெரியாது. லாரியின் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா, அவருக்கும் நீங்க தெரியலைன்னு அர்த்தம். பின்னாலேயே நில்லுங்க.

வண்டியும் கைகொடுக்கணும். காம்பி பிரேக் உள்ள ஸ்கூட்டரில் இடது பிரேக்கைப் பிடித்தாலே முன்சக்கரமும் பிடிக்கும். ஆனாலும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால்தான் முழு பலன். கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சர்வீஸுக்கு விடும்போது பிரேக் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்க. சின்னச் சக்கரம் பள்ளத்தில் சட்டென்று இறங்கும். டயரில் காற்று சரியா இருக்கணும்.

துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினாங்க. 2012-ல் வேலை நின்றது. 2022 மே மாதம் மறுபடி அடிக்கல். அந்தச் சாலை வந்தாலும், மணலி, எண்ணூர் போகிற லாரிகள் நம்ம ரோட்டில்தான் ஓடும். அஞ்சு நிமிஷம் லேட்டானா வீட்டில் திட்டுதான் விழும். விழட்டும்!