கரையும் கருநிரலும்

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த நாடு. பெய்யும் மழையைத் தேக்கி வைத்தாலன்றி இங்கு வேளாண்மை செழிப்பதில்லை. ஆதலின் நம் முன்னோர், வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றிவரும் நொய்யலாற்றின் நீரைக் குளங்களில் தேக்கினர். கோவையின் உக்கடம் பெரியகுளமும் சிங்காநல்லூர்க் குளமும் அவ்வாறு அமைந்தவை. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானியாற்றில் அணை கட்டி, ஈரோட்டுப் பகுதிக்கு வாய்க்கால் வெட்டுவித்தான். அவ்வாய்க்கால் இன்றும் வயல்களுக்கு நீர் தருகின்றது. எழுநூறு ஆண்டுகளாக அது நிலைத்திருப்பதற்குக் கட்டியவர்களின் திறமை மட்டும் காரணம் அன்று. தலைமுறை தலைமுறையாக அதன் கரையைப் பார்த்துவந்தவர்களின் உழைப்பும் காரணம் ஆகும். நண்டு துளைத்த சிறு வளையை இன்று ஒரு கூடை மண்ணால் அடைத்துவிடலாம். அடைக்காமல் விட்டால், வெள்ளம் வரும் இரவில் ஊரே திரண்டாலும் உடைப்பை அடைக்க முடியாது.

கரையைப் பற்றிய இவ்வுண்மை, நாம் நாள்தோறும் கையாளும் கணிப்பொறிக்கும் அலைபேசிக்கும் பொருந்தும். ஆயினும், கரையைப் பார்ப்பதில் நாம் காட்டும் கவலையைக் கணிப்பொறியைக் காப்பதில் காட்டுவதில்லை. ‘புதுப்பித்தல் தேவை’ என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றும்போது, ‘பிறகு பார்க்கலாம்’ என்று விரலால் தள்ளிவிடுகிறோம். இது சிறு சோம்பல் போலத் தோன்றலாம். ஆனால் அதனால் விளையும் கேடு சிறியது அன்று.

கணிப்பொறியின் உறுப்புகளை ஆளும் நிரல்களின் தொகுதிக்கு இயங்குதளம் என்பது பெயர். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்பன இயங்குதளங்கள். ஒவ்வோர் இயங்குதளத்தின் நடுவிலும் ‘கர்னல்’ எனப்படும் பகுதி ஒன்று உண்டு. அச்சொல்லுக்குக் கொட்டையின் உள்ளே இருக்கும் பருப்பு என்பது பொருள். பொள்ளாச்சித் தேங்காயில் நாரும் ஓடும் பருப்பைக் காப்பது போல, இயங்குதளத்தின் மற்றப் பகுதிகள் இதனைச் சூழ்ந்துள்ளன. நாம் இதனைக் கருநிரல் என்போம். எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவிடம் தரவேண்டும், எந்தக் கோப்பை யார் திறக்கலாம், வெளியிலிருந்து வரும் செய்தியை யாரிடம் சேர்க்கவேண்டும் என்பவற்றையெல்லாம் முடிவு செய்வது கருநிரலே. மற்ற நிரல்கள் அதனிடம் இசைவு பெற்றே இயங்குகின்றன; அதற்கு மேலே இருந்து அதனைத் தடுப்பார் எவரும் இலர். ஆதலின், கருநிரலில் உள்ள ஒரு துளை வழியே நுழைந்த பகைவன், அப்பொறி முழுமைக்கும் உரியவன் ஆகிவிடுகிறான்.

இத்துணை முதன்மையான பகுதியில் துளை ஏன் ஏற்படுகிறது என்று நீங்கள் கேட்கலாம். லினக்ஸ் கருநிரல், 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. இன்று அது மூன்று கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்துள்ளது. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் அதனை எழுதுகின்றனர். மனிதர் எழுதும் எதிலும் பிழை நேரும். 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அக்கருநிரலில் ஒரு பெருந்துளை வெளிப்பட்டது. அது 2007ஆம் ஆண்டு முதல் அங்கே இருந்துவந்தது. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கக்கூடிய நிரலில், ஒன்பது ஆண்டுகள் அது ஊரறியக் கண்டுபிடிக்கப்படாமல் கிடந்தது. அதனை அடைத்த டோர்வால்ட்ஸ், பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே தாம் அதனைத் திருத்த முயன்றதாகவும், அத்திருத்தம் சரியாக அமையவில்லை என்றும் வெளிப்படையாக எழுதினார். உலகம் போற்றும் அறிஞர் கட்டிய கரையிலும் வளை உண்டு என்பதை இதனால் அறிகிறோம். துளை இருப்பது இழிவு அன்று. துளை இருப்பதை அறிந்த பின்னும் அடைக்காமல் இருப்பதே இழிவு.

இதற்கு ஒரு பெரிய சான்றினைக் காண்போம். விண்டோஸ் இயங்குதளத்தில், கணிப்பொறிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் ஒரு பகுதி கருநிரலோடு சேர்ந்து இயங்குகிறது. அதில் ஒரு துளை இருந்தது. அமெரிக்க அரசின் உளவுத்துறை ஒன்று அதனை அறிந்தும், தன் பயன் கருதி மறைத்து வைத்திருந்தது. பின்னர் அம்மறைபொருள் களவு போயிற்று. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் அத்துளையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. ஏப்பிரல் 14ஆம் நாள், ‘நிழல் தரகர்கள்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட கூட்டத்தார், அத்துளை வழியே நுழையும் கருவியை ஊரறிய வெளியிட்டனர். மே 12ஆம் நாள் ‘வன்னாக்ரை’ என்னும் கொடிய நிரல் உலகெங்கும் பரவியது. அது நுழைந்த கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டி, அவற்றைத் திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட பொறிகள் பாழாயின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் குறிக்கப்பட்ட சிகிச்சைகள் நடைபெறவில்லை.

இக்கேடு எங்கோ தொலைவில் நிகழ்ந்தது என்று நாம் எண்ணிவிடலாகாது. ஆந்திர மாநிலத்தின் காவல் நிலையக் கணிப்பொறிகள் சில முடங்கின. கேரளத்தின் வயநாட்டில் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகள் முடங்கின. பாலக்காட்டில் தென்னக இரயில்வேயின் கோட்ட அலுவலகக் கணிப்பொறிகளும் தப்பவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுத்தான் கோவையைக் குளிர்விக்கிறது. அக்கணவாய் வரை வந்த தீங்கு, நம் வாயிலுக்கு வந்தது போன்றதே அன்றோ?

இந்நிகழ்ச்சியில் நாம் நினைவில் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. திருத்தம் வெளிவந்த நாளுக்கும் கேடு பரவிய நாளுக்கும் இடையே 59 நாட்கள் இருந்தன. பாழான பொறிகளுள் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்னும் தளத்தைக் கொண்டவை. அவற்றுக்குரிய திருத்தம் முன்னமே ஆயத்தமாய் இருந்தது. மருந்து கையில் இருந்தும் உண்ணாமையால் நேர்ந்த நோய் இது. இவ்வளவு நடந்த பின்னும் எல்லாரும் விழித்துக்கொண்டனரா? இல்லை. அவ்வாண்டு ஜூன் 27ஆம் நாள், அதே துளையையும் வேறு வழிகளையும் பயன்படுத்தி இன்னொரு தீய நிரல் பரவியது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு பகுதியில் சரக்குக் கையாளும் பணி அதனால் தடைப்பட்டது.

திருத்தம் வெளியாகும் நாள், காப்பவர்க்கு மட்டும் அன்று, கள்வர்க்கும் செய்தி சொல்லும் நாளாகும். பழைய நிரலையும் புதிய நிரலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், துளை எங்கே இருந்தது என்பதை வல்லவர் எளிதில் கண்டுகொள்வர். அதுவரை சிலரே அறிந்திருந்த வழியை அன்று முதல் பலரும் அறிவர். ஆதலின், திருத்தம் வந்த பின்னும் அதனை ஏற்காத கணிப்பொறி, முன்பு இருந்ததைவிட மிகுந்த இடரில் நிற்கிறது.

‘ஓடும் இயந்திரத்தில் கை வைக்காதே’ என்று தொழிற்கூடங்களில் சொல்வதுண்டு. கடைசல் இயந்திரமும் பம்பும் மாவரைக்கும் கிரைண்டரும் செய்து பெயர் பெற்ற கோவையில் இச்சொல்லுக்கு மதிப்பு மிகுதி. பட்டறிவால் வந்த சொல் அது. அதனை நான் பழிக்கவில்லை. ஆனால் கடைசல் இயந்திரத்திற்குப் பகைவர் இலர். இரும்பு தேயும், தேய்மானத்தை ஒலியால் அறிந்து எண்ணெய் விடலாம். தொலை நாட்டில் அமர்ந்திருக்கும் ஒருவன் அதனுள் புகுவதற்கு வழி தேடுவதில்லை. வலையில் இணைந்த கணிப்பொறியின் நிலை வேறு. அதனைத் தொடாமல் வைத்திருந்தால் அது அப்படியே இருப்பதாக நமக்குத் தோன்றும். ஆனால் அதனைப் பற்றிப் பகைவர் அறிந்தது நாள்தோறும் வளர்கின்றது. பொறி மாறாவிடினும் இடர் வளர்கின்றது.

‘புதுப்பிப்பே கேடு செய்வதும் உண்டே’ என்று வேறு சிலர் கூறுவர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன. அந்நிறுவனத்தின் காவல் நிரல் கருநிரலின் அளவிலே இயங்கியமையால், அதன் பிழை பொறி முழுவதையும் வீழ்த்தியது. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குரிய சீட்டுகளைக் கையால் எழுதித் தர நேர்ந்தது. இதனால் நாம் கற்க வேண்டுவது யாது? புதுப்பித்தலைக் கைவிட வேண்டும் என்பது அன்று. எல்லாப் பொறிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் சிலவற்றில் இட்டுப் பார்த்துப் பின்னர் மற்றவற்றிற்கு அனுப்ப வேண்டும் என்பதே ஆகும். மதகைத் திருத்தியவர் முதலில் சிறிது நீரை விட்டுப் பார்ப்பர். அதற்காக மதகைத் திருத்தாமலே விடுவார் உண்டோ?

இங்குப் பயன்படுத்துவோரை மட்டும் குறை கூறுதல் முறையாகாது. பொறியை விற்றவர்க்கும் கடமை உண்டு. பழைய அலைபேசிகளுக்குத் திருத்தம் அனுப்புவதைத் தயாரிப்பாளர் சில ஆண்டுகளில் நிறுத்திவிடுகின்றனர். விண்டோஸ் 10 தளத்திற்கு வழக்கமாக வந்த இலவசத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. உறுப்புகள் நன்றாக இருக்கும்போதே ஒரு பொறியைக் கைவிட வேண்டும் என்றால், எளிய குடும்பமும் சிறு தொழிற்கூடமும் என் செய்யும்? எத்தனை ஆண்டுகள் திருத்தம் தருவோம் என்பதை விற்கும்போதே பெட்டியின் மேல் எழுதித் தருமாறு சட்டம் செய்தல் வேண்டும் என்பது என் கருத்து. அலுவலகங்களிலும் இப்பணிக்கென ஒருவர் பொறுப்பில் இருத்தல் வேண்டும். வாய்க்கால் கரையைப் பார்ப்பதற்கு லஸ்கர் என்னும் பணியாளரை அரசு அமர்த்தியது. எல்லார்க்கும் பொதுவான வேலை எவர்க்கும் உரியதாகாது என்பதை அறிந்தே அவ்வாறு செய்தது.

மாணவர்களே, இச்செய்தி உங்களைத் தொடாதது அன்று. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸோடு, சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் தளமும் இருந்தது. 2016இல் வெளிப்பட்ட லினக்ஸ் துளை, அந்த மடிக்கணினிகளுக்கும் உரியதாகவே இருந்தது. திருத்தம் எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டால் போதாது. ஆனைமலை அடிவாரத்துச் சிற்றூரில் ஒரு மாணவி வைத்திருக்கும் மடிக்கணினிக்கும் அது வந்து சேர்தல் வேண்டும். அக்கடைசி அடியை எடுத்து வைக்கக் கூடியவள் அம்மாணவி ஒருத்தியே.

கருநிரலைப் புதுப்பித்த பின் பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்கச் சொல்வதன் காரணத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பழைய கருநிரல் இயங்கிக்கொண்டிருக்கும் வரை புதியது பெரும்பாலும் அதன் இடத்தில் அமர முடியாது. வாய்க்காலில் நீரை நிறுத்திய பின்னரே உட்கரையைச் செப்பனிட முடிவது போன்றது இது. திருத்தத்தை இறக்கி வைத்துவிட்டுப் பொறியை நிறுத்தாமலே வாரக்கணக்கில் ஓட்டுபவர், மண்ணைக் கரையருகே கொட்டிவிட்டு வளையை அடைக்காமல் சென்றவர் ஆவார்.

இன்னும் ஒன்று. வலையில் இணைந்த பொறி எதுவும் தனித்து நிற்பதில்லை. வன்னாக்ரை ஒரு பொறியில் புகுந்ததும், அதனோடு இணைந்த மற்றப் பொறிகளைத் தானே தேடிச் சென்றது. ஒருவர் வயலை ஒட்டிய கரை உடைந்தால், அவர் வயல் மட்டுமா மூழ்கும்? வீட்டில் தந்தையின் அலைபேசிக்கும், கடையில் கணக்கு எழுதும் கணிப்பொறிக்கும் திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். அது நிறுவனத்தார் அனுப்பியதுதானா என்பதையும் அமைப்புப் பக்கத்தின் வழியே உறுதி செய்துகொள்ளுங்கள். போலி அறிவிப்பை அனுப்பி ஏமாற்றுவாரும் உளர். முதன்மையான கோப்புகளுக்குப் படி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பொழுதும் மிகுதியாக வேண்டுவதில்லை. உங்களுள் சிலர் நாளை கருநிரலை எழுதுவோராகவும் ஆகலாம். மற்றவர் எல்லாரும் அதனைக் காப்போராக இருத்தல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேளாளர்க்கு மட்டும் உரிய அறிவு அன்று. பொறிகளோடு வாழும் நம் அனைவர்க்கும் உரிய அறிவாகும்.