அடுத்த ஜில்லாவில் கேட்டுப் பாருங்கள்!

1927ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்துக் கல்லூரி மாணவி ஒருவர் நாடோடிக் கதைகளைச் சேகரிப்பதற்காக அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடா மாகாணத்துக்குப் புறப்பட்டார். கையில் நோட்டுப் புத்தகம். செலவுக்கு 1,400 டாலர் உபகாரச் சம்பளம். ஊர் ஊராகச் சுற்ற ஒரு பழைய மோட்டார் கார். போன இடம் அந்நிய தேசமல்ல. அவர் ஓடியாடி வளர்ந்த சீமைதான் அது. அங்குள்ளவர்கள் கேட்டவுடன் கதைகளை வாரி வழங்கியிருக்க வேண்டுமே!

நடந்ததோ வேறு. கல்லூரியில் பழகிய சுத்தமான உச்சரிப்போடு, மிகுந்த பணிவுடன், நாடோடிக் கதையோ பாட்டோ தெரியுமா என்று அவர் ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். அப்படி ஏதோ இருப்பதாகக் கேள்விதான், இந்தப் பக்கத்தில் இல்லை, அடுத்த ஜில்லாவில் இருந்தாலும் இருக்கும், அங்கே கேட்டுப் பாருங்கள் என்று வழியனுப்பி விட்டார்கள். அடுத்த ஜில்லாவிலும் அதே பதில்தான் கிடைத்தது என்று சொல்லவும் வேண்டுமோ?

அந்த மாணவியின் பெயர் ஜோரா நீல் ஹர்ஸ்டன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாய்மொழிக் கதைகளை அவரைப் போல் அச்சில் பேச வைத்தவர்கள் மிகச் சிலரே. அப்படிப்பட்டவர் முதல் பயணத்தில் ஏறக்குறைய வெறுங்கையோடு திரும்பியவர் என்பதைப் பலர் அறியார். பள்ளியிலோ கல்லூரியிலோ கதை சொல்லும் பணி கொடுத்தால் எந்தக் கதையை எடுப்பது, எடுத்த கதையை ஆசிரியர் குறை கூறினால் என்ன செய்வது என்று குழம்பும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் ஹர்ஸ்டனின் வெற்றியைக் காட்டிலும் இந்தத் தோல்வியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

புளோரிடாவில் ஈட்டன்வில் என்று ஒரு சிற்றூர். 1887ஆம் ஆண்டில் கறுப்பின மக்கள் தாங்களே நகரசபை அமைத்துக் கொண்ட ஊர். அங்கே ஜோ கிளார்க் என்பவரின் கடை இருந்தது. கடையின் முன் தாழ்வாரத்தில் மாலை நேரங்களில் ஊர் ஆடவர்கள் கூடிப் புளுகுவார்கள். ஆம், அந்த மக்கள் கதை சொல்வதற்கு வைத்திருந்த பெயரே ‘பொய் சொல்வது’ என்பதுதான். நம் கிராமத்துத் திண்ணைகளில் ‘அளந்து விடுகிறான்’ என்பார்களே, அதே பொருள். சாமான் வாங்கப் போன சிறுமி ஜோரா காதைத் தீட்டிக் கொண்டு அங்கே நின்றவள். கதைகள் அவருக்குப் புதையலல்ல. தண்ணீரில் இருக்கும் மீனுக்குத் தண்ணீர் எப்படியோ அப்படி.

தாயார் 1904ஆம் ஆண்டில் காலமானார். அதன் பின் வீடு சிதறியது. வீட்டு வேலை, நாடகக் கம்பெனியில் எடுபிடி வேலை என்று நாட்கள் ஓடின. 1917ஆம் ஆண்டில் பால்ட்டிமோர் நகரத்தில் இலவசக் கல்வி பெறுவதற்காக, 26 வயதான அவர் தம் வயதில் பத்தைக் குறைத்துச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். (குறைத்த பத்தை அவர் பிறகு திரும்பக் கூட்டிக் கொள்ளவே இல்லை என்பது வேடிக்கை.) அங்கிருந்து ஹவார்டு சர்வகலாசாலை, பின் 1925ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள பார்னார்டு மகளிர் கல்லூரி. அந்தக் கல்லூரியில் அப்போது படித்த ஒரே கறுப்பின மாணவி அவர்.

அங்கே அவர் எழுதிய ஒரு கட்டுரை ஆசிரியை ஒருவர் மூலம் பேராசிரியர் பிரான்ஸ் போவாஸின் கைக்குப் போயிற்று. போவாஸ் ஜெர்மனியில் பிறந்தவர். அமெரிக்காவில் மானிடவியல் என்ற சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமிட்டவர். 1883ஆம் ஆண்டில் பனி சூழ்ந்த பாபின் தீவில் இனூயிட் மக்களோடு தங்கி வாழ்ந்து பார்த்தவர். ஒரு சமூகத்தின் கதையை அந்தச் சமூகத்தின் சொந்தப் பேச்சிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியானவர். மாணவர்கள் அவரை ‘பாப்பா பிரான்ஸ்’ என்று அழைப்பார்களாம். அந்தப் பாப்பாதான் ஹர்ஸ்டனுக்கு உபகாரச் சம்பளம் வாங்கிக் கொடுத்துப் புளோரிடாவுக்கு அனுப்பினார்.

மாணவி அனுப்பிய குறிப்புகளைப் படித்த பேராசிரியர் 1927 மே மாதத்தில் ஒரு கடிதம் எழுதினார். அதில் பாராட்டு இல்லை. அனுப்பியவற்றில் பெரும்பகுதி மற்றவர்கள் முன்பே சேகரித்து முடித்தவை என்றார். அதுவும் உண்மைதான். முயல் நரியை ஏமாற்றும் கதைகளை ஜார்ஜியாவின் வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் 1880ஆம் ஆண்டிலேயே புத்தகமாக்கிப் புகழ் பெற்றிருந்தார். அதற்குப் பின் அதே தானியத்தை எத்தனையோ பேர் திரும்பத் திரும்பப் புடைத்து விட்டார்கள்.

போவாஸ் அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் கண்டனம். அவர் மேலும் ஒன்று சொன்னார்: கதையின் விஷயத்தைவிட அது சொல்லப்படும் விதத்தைக் கவனி, சொற்களின் போக்கு, உடம்பின் அசைவு இவற்றைப் பார் என்று நேரில் பேசியபோதே கூறியிருந்தேனே என்று நினைவூட்டினார். நோட்டில் குறை எழுதுகிற ஆசிரியர்கள் எல்லோரும் இந்த இரண்டாவது வரியையும் எழுதினால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ‘இது பழையது’ என்று மட்டும் எழுதினால் மாணவன் கதையை மாற்றுவான். ‘எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்’ என்று எழுதினால் அவன் மறுபடி பாட்டியிடம் போவான்.

ஹர்ஸ்டன் நியூயார்க் திரும்பிப் பேராசிரியர் முன் நின்று அழுதார். பேராசிரியர் நன்றாகக் கண்டித்தார்.

அந்த ஆண்டிலேயே அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நடந்தது. அலபாமாவில் மோபில் நகருக்கருகே கட்ஜோ லூயிஸ் என்ற முதியவர் இருந்தார். அடிமை இறக்குமதி 1808ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டிருந்தும், 1860ஆம் ஆண்டில் ‘குளோட்டில்டா’ என்ற கப்பலில் திருட்டுத்தனமாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் ஒருவர். அவரைக் கண்டு ஹர்ஸ்டன் எழுதிய கட்டுரை 1927 அக்டோபரில் ஒரு வரலாற்று இதழில் வெளியாயிற்று. அதன் பெரும்பகுதி 1914ஆம் ஆண்டில் எம்மா லாங்டன் ரோச் என்ற எழுத்தாளர் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தாளப்பட்டது என்பது 1970களில்தான் அம்பலமாயிற்று. அப்போது ஹர்ஸ்டன் உயிரோடில்லை. அவரை மெச்சுபவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை. நேரில் கேட்டது போதாதபோது புத்தகத்திலிருந்து எடுத்து இட்டு நிரப்பும் சபலம் எந்த மாணவருக்கும் வரக் கூடியதே. பிறகு என்ன செய்தார் என்பதே கேள்வி.

அவர் திரும்பிப் போனார். 1927 டிசம்பரில் ஒரு பணக்காரச் சீமாட்டி மாதம் 200 டாலர் தர ஒப்பந்தம் செய்தார். சேகரிப்பது அனைத்தும் தமக்கே சொந்தம் என்று அந்த அம்மாள் போட்ட நிபந்தனை தனிக் கதை, அது ஒருபுறமிருக்கட்டும். ஹர்ஸ்டன் நேராகக் கட்ஜோவின் வீட்டுக்குப் போய், ஆப்பிரிக்காவில் தாய் வைத்த பெயரான ‘கொஸ்ஸோலா’ என்று அழைத்தார். பெரியவரின் கண்கள் கலங்கிவிட்டன. அடுத்த சில மாதங்கள் அந்த வீட்டுக்குப் போக்கும் வரத்துமாயிருந்தார். பீச் பழமும் தர்ப்பூசணியும் வாங்கிச் செல்வார். சில நாள் பெரியவர் பேசுவார். சில நாள் வேலியைச் சரிசெய்து கொண்டு, இன்று பேச மனமில்லை என்று அனுப்பி விடுவார். மாணவி நோட்டை மூடிக் கொண்டு மறுநாள் வருவார்.

அடுத்து புளோரிடாவின் போக் ஜில்லாவில் ஒரு மர அறுவை முகாம். அங்கே வேலையாட்கள் அவரைக் கண்டதும் ஒதுங்கினார்கள். காரணம், பளபளக்கும் கார். நியூயார்க் கடையில் 12 டாலர் 74 சென்டுக்கு வாங்கிய உடுப்பு. அமெரிக்காவில் அப்போது மதுவிலக்குக் காலம். வந்தவள் துப்பறியும் அதிகாரியோ என்று அவர்களுக்குச் சந்தேகம். ஹர்ஸ்டன் ஒரு புளுகைப் புளுகினார்: தானே கள்ளச்சாராயம் கடத்தி, போலீசுக்குப் பயந்து ஓடிவந்தவள் என்றார். பிறகு ஒரு விருந்தில் கிடார் வாசிப்பவரோடு சேர்ந்து ஜான் ஹென்றி பாட்டைப் பாடினார். அந்த ஒரு பாட்டில் கதவு திறந்தது. அதன் பின் அவர் பரிசு அறிவித்துப் ‘பொய் சொல்லும் போட்டி’யே நடத்தினார். கதை தெரியுமா என்று கேட்டபோது அடுத்த ஜில்லாவைக் காட்டினார்களே, அந்த மக்கள் வகையினரேதான் இப்போது நான் முந்தி நீ முந்தி என்று கதை சொன்னார்கள்!

எப்படிப்பட்ட கதைகள்? ஒன்றைப் பார்க்கலாம். ஆதியில் ஆணும் பெண்ணும் சமபலம் உள்ளவர்கள். ஆண் ரகசியமாகக் கடவுளிடம் போய் அதிக பலம் வாங்கி வந்து பெண்ணை அடித்தான். பெண்ணும் கடவுளிடம் போனாள். கொடுத்ததைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றார் கடவுள். கோபத்தோடு சாத்தானிடம் போனாள். கடவுள் வீட்டு அடுப்பருகே தொங்கும் சாவிக் கொத்தைக் கேட்டு வாங்கு என்றான் சாத்தான். மூன்று சாவிகள்: சமையலறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, தொட்டிலுக்கு ஒன்று. மூன்றையும் பூட்டிவிட்டுச் சும்மா உட்கார் என்றும் சொல்லிக் கொடுத்தான். வீடு திரும்பிய ஆண் தன் பலத்தையெல்லாம் காட்டியும் ஒரு கதவும் திறக்கவில்லை.

இதைக் காகிதத்தில் படித்தால் சிரிப்பு வரும், அவ்வளவுதான். ஆனால் தாழ்வாரத்தில் ஆண்களும் பெண்களும் யாருக்குச் சாமர்த்தியம் அதிகம் என்று மோதிக் கொண்டிருக்கும்போது, ஒரு பெண் எழுந்து இந்தக் கதையை எதிரிலிருப்பவர் மேல் வீசுகிறாள். அந்தச் சண்டை இல்லாமல் கதை பாதிக் கதைதான். போவாஸ் பார்க்கச் சொன்னது இதைத்தான்.

1935ஆம் ஆண்டில் ‘மியூல்ஸ் அண்ட் மென்’ என்ற நூல் வெளிவந்தபோது, அதில் சுமார் 70 கதைகளும் அவற்றுக்கு நடுவே அந்தப் பேச்சும் சண்டையும் கேலியும் இருந்தன. சாதாரண வாசகனுக்கும் பிடிக்கும்படி கதைகளை உரையாடலில் கோத்துத் தரச் சொன்னது பிரசுரகர்த்தர்தான். சாஸ்திர முறைக்கு இது விரோதம் என்று பேராசிரியர் கோபிப்பாரோ என்று நடுங்கிக் கொண்டே ஹர்ஸ்டன் முன்னுரை கேட்டார். போவாஸ் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் எல்லாத் திருத்தமும் இப்படி வாய்ப்பதில்லை. கொஸ்ஸோலாவின் வரலாற்றை 1931ஆம் ஆண்டில் ஹர்ஸ்டன் முழு நூலாக எழுதி முடித்தார். பெரியவரின் உடைந்த ஆங்கிலம் உடைந்தபடியே அதில் இருந்தது. இந்தக் கொச்சையை விட்டு நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தந்தால் வெளியிடலாம் என்றது ஒரு பிரசுர நிலையம். ஹர்ஸ்டன் மறுத்துவிட்டார்.

கொச்சையை எதிர்த்தவர்கள் எல்லோரும் பண்டிதச் செருக்கு உள்ளவர்கள் என்று சொல்லிவிட முடியாது. முகத்தில் கரி பூசிக் கொண்ட வெள்ளைக்காரர்கள் மேடையில் கறுப்பர் பேச்சைப் பேசி நெடுங்காலம் பரிகசித்திருந்தார்கள். அதனால் கறுப்பின எழுத்தாளர்களுக்குள்ளேயே இது பெரிய சச்சரவு. ரிச்சர்டு ரைட் 1937ஆம் ஆண்டில் ஹர்ஸ்டனின் நாவலை இந்தக் காரணத்துக்காகவே கடுமையாகச் சாடினார். கரிசல் பேச்சையும் கொங்குப் பேச்சையும் கதையில் எழுதலாமா என்று தமிழிலும் வாதாடியிருக்கிறார்கள் அல்லவா? ஆயினும் கொஸ்ஸோலாவின் விஷயம் வேறு. பெயரையும் ஊரையும் பறிகொடுத்த மனிதரிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான். போவாஸின் கண்டனம் ஹர்ஸ்டனை அந்தப் பேச்சின் அருகே அனுப்பியது. பிரசுர நிலையம் கேட்ட திருத்தமோ அதையே அழிக்கச் சொன்னது. இரண்டும் குறை சொல்வதாகத்தான் ஒலித்தன. ஒன்றுக்குப் பணிந்து மற்றொன்றுக்குப் பணியாமல் இருக்கும் தெளிவு அவருக்கு வந்திருந்தது. முதல் கண்டனத்தைக் கேட்டு அழுது, திரும்பிப் போய் உழைத்திராவிட்டால் இரண்டாவதை மறுக்கும் தைரியம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

இந்த உறுதிக்கு அவர் விலையும் கொடுத்தார். 1960 ஜனவரி 28ஆம் தேதி புளோரிடாவில் ஏழைகளுக்கான ஓர் இல்லத்தில் அவர் காலமானார். கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை; 1973ஆம் ஆண்டில் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் தேடிச் சென்று கல் நாட்டினார். அவர் விட்டுச் சென்ற காகிதங்களைக் குப்பையென்று கொளுத்திக் கொண்டிருந்தபோது, அவரை அறிந்த போலீஸ் அதிகாரி ஒருவர் அவ்வழியே வந்து தீயை அணைத்தார்.

1920களின் கடைசியில் சேகரித்த கதைகள் 2001ஆம் ஆண்டில் தனி நூலாக வந்தன. கொஸ்ஸோலாவின் வரலாறு கையெழுத்துப் பிரதியாகவே 87 ஆண்டுகள் காத்திருந்தது. 2018ஆம் ஆண்டில் ‘பாரக்கூன்’ என்ற பெயரில் அது வெளியானபோது, பெரியவர் பேசியபடியே அச்சாகியிருந்தது.